உயிர்வேதியியல் வகுப்புக்கு முன்னால் என்ன படிக்கலாம்?

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். பி.எஸ்சி. உயிர்வேதியியலில் இடம் கிடைத்துவிட்டது, வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. "மாமா, கிளைகாலிசிஸ் பத்து படியும் மனப்பாடம் பண்ணிட்டேன். அடுத்து கிரெப்ஸ் சுழற்சி" என்றாள். நொதிகளின் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தும் காட்டினாள்.

"முதல் படியில ஏடிபி எதுக்கும்மா செலவாகுது?" என்று கேட்டேன்.

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு மாமா."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் இதே தப்பைத்தான் செய்தேன். நான் படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். சில வருஷங்களுக்கு முன்னால் சொந்த ஆர்வத்தில் லெனிஞ்சர் புத்தகத்தை வாங்கி, நேராக வளர்சிதை மாற்றப் பகுதியில் போய் இறங்கினேன். இரண்டாம் அத்தியாயம் தண்ணீரைப் பற்றியது. 'தண்ணியைப் பத்திப் படிக்க என்ன இருக்கு' என்று தாண்டிவிட்டேன். மூன்று மாதத்தில் புத்தகம் அலமாரியில் தூங்கியது.

அதைத் திரும்ப எடுக்க வைத்தது அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி ஐசியூவில் இருந்தார். ஓடி வந்தவர் மாதிரி ஆழமாக, வேக வேகமாக மூச்சு வாங்கினார். நுரையீரலில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். "ரத்தத்துல அமிலம் ஏறியிருக்கு, அதான் இப்படி மூச்சு வாங்குறார்." அமிலத்துக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? ரிப்போர்ட்டில் 'பைகார்பனேட் 12' என்று இருந்ததை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் திறந்தது அந்தத் தண்ணீர் அத்தியாயத்தை.

அக்கா மகளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பாடத்திட்டத்தை முன்கூட்டியே படித்து முடிப்பது தயாரிப்பு ஆகாது. ஆசிரியர் 'இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்' என்று தாண்டிப் போகிற விஷயங்களைக் கைவசம் வைத்திருப்பதுதான் தயாரிப்பு.

1. லாக், செறிவு

மில்லிமோலார், மைக்ரோமோலார், நானோமோலார் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றத் தடுமாறக் கூடாது. அதோடு லாக். ரத்தத்தின் பிஹெச் 7.4 என்றால் அதில் ஹைட்ரஜன் அயனி சுமார் 40 நானோமோலார். பிஹெச் 7.1-க்கு இறங்கினால்? 'வெறும் 0.3 தானே' என்று தோன்றும். 2-இன் லாக் 0.3. ஆக, அயனிச் செறிவு இரண்டு மடங்காகி 80 நானோமோலாரைத் தொட்டுவிட்டது!

2. பிகேஏ

ஒரு அமிலத்தின் மூலக்கூறுகளில் சரிபாதி தங்கள் ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுத்திருக்கும் பிஹெச் எதுவோ, அதுதான் அதன் பிகேஏ. இதிலிருந்து வருகிற ஒரே ஒரு சமன்பாட்டை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்:

பிஹெச் = பிகேஏ + லாக் (காரம் ÷ அமிலம்)

ரத்தத்தில் காரம் பைகார்பனேட், சாதாரணமாக 24 மில்லிமோலார். அமிலத்தின் இடத்தில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு, 1.2 மில்லிமோலார். விகிதம் 20, அதன் லாக் 1.3. இந்த ஜோடியின் பிகேஏ 6.1. கூட்டினால் 7.4.

இப்போது அப்பாவின் ரிப்போர்ட்டைப் போடுவோம். கீட்டோன் அமிலங்கள் பைகார்பனேட்டைத் தின்று 12-க்குக் கொண்டுவந்துவிட்டன. கார்பன் டை ஆக்சைடு அதே 1.2-இல் நின்றால் விகிதம் 10, பிஹெச் 7.1. உடம்பு என்ன செய்கிறது? மேலே உள்ள எண்ணை உடனே ஏற்ற முடியாது, அதனால் கீழே உள்ளதைக் குறைக்கிறது. வேகமாக மூச்சுவிட்டு கார்பன் டை ஆக்சைடை 0.8-க்கு இறக்கினால் விகிதம் 15, பிஹெச் 7.28. அந்த மூச்சிரைப்பு நோயின் கோளாறு மட்டுமில்லை, உடம்பு விகிதத்தைச் சரிக்கட்டப் போராடிய போராட்டம். ராத்திரி பதினோரு மணிக்கு இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, அப்பா தூங்குகிற அறையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

3. இருபது அமினோ அமிலங்கள்

இங்கே மட்டும் மனப்பாடம் தேவை. ஆனால் பெயர் வரிசையாக வேண்டாம். கையால் படம் வரைந்து, மின்சுமையைப் பார்த்துப் பிரியுங்கள். பிஹெச் 7-இல் ஆஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் எதிர்மின்சுமையோடு இருக்கும். லைசின், ஆர்ஜினின் நேர்மின்சுமை. ஹிஸ்டிடினின் பிகேஏ 6-ஐ ஒட்டி இருப்பதால் அது ரெண்டுங்கெட்டான்; பல நொதிகளின் வேலை நடக்கும் இடத்தில் அது உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். வேலின், லியூசின் போன்றவை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் எண்ணெய்ச் சாதி.

மின்சுமை என்ன பெரிய விஷயமா? கதிர் அரிவாள் சோகையைப் பாருங்கள். அந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்கிறது என்று 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். காரணத்தைப் பின்னர் வெர்னன் இங்கிராம் பிடித்தார்: குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். 146 அமினோ அமிலங்கள் உள்ள பீட்டா சங்கிலியில் ஆறாவது இடம், அது ஒன்றுதான் வித்தியாசம். மின்சுமை போய் எண்ணெய்த்தன்மை வந்ததும், ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரத்த அணுவையே வளைத்துவிடுகின்றன. நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் இந்தப் பண்பு இருப்பது 1952-இல் பதிவானது.

4. கட்டிலா ஆற்றல்

கூட்டல் கழித்தல் கணக்குதான். குளுக்கோசில் பாஸ்பேட்டை ஒட்டவைக்க மோலுக்கு 13.8 கிலோஜூல் தேவை, தானாக நடக்காது. ஏடிபி உடைந்தால் 30.5 கிலோஜூல் வெளிவரும். இரண்டையும் ஒரே நொதி இணைத்துவிட்டால் நிகரம் மைனஸ் 16.7, வினை நடக்கும். (இவை திட்ட நிலை மதிப்புகள்.) ஒட்டிய பாஸ்பேட்டில் எதிர்மின்சுமை இருப்பதால் குளுக்கோஸ் செல்லை விட்டு நழுவவும் முடியாது. அக்கா மகளிடம் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பத்துப் படியை ஒப்பித்தவளுக்கு முதல் படியின் காரணம் கிடைக்காமல் போனது, மின்சுமையையும் ஆற்றலையும் தாண்டிப் போனதால்.

5. நொதியின் வளைகோடு

1913-இல் மைக்கேலிஸ், மென்டன் தந்த சமன்பாடு. என் தொழிலில் சொன்னால் சர்வர் மாதிரி: வேலை குறைவாக வரும்போது வரவர வேகம் ஏறும்; எல்லா நொதிகளும் பிஸியாகிவிட்டால் எவ்வளவு கொட்டினாலும் வேகம் ஏறாது. உச்ச வேகத்தில் பாதியைத் தருகிற செறிவுதான் கேஎம். இந்தக் கோட்டை ஒருமுறை வரைபடத்தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

எட்டு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் வாரம் லாக். அடுத்த இரண்டு வாரம் கரிம வேதியியலின் வினைச்செயல் தொகுதிகளும் பிகேஏவும். பிறகு இரண்டு வாரம் அமினோ அமிலங்கள், தினம் மூன்று படம் போதும். ஆற்றலுக்கு ஒரு வாரம், நொதிக்கு ஒரு வாரம். கடைசி வாரம் எங்கே தடுமாறினீர்களோ அங்கே.

தயாராகிவிட்டீர்களா என்று பார்க்க ஒரு கேள்வி. அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. பிஹெச் 7.4-இல் அது பெரும்பாலும் எந்த வடிவில் இருக்கும்? கால்குலேட்டர் இல்லாமல் பத்து விநாடியில் சொல்ல முடிந்தால், தைரியமாக முதல் வகுப்புக்குப் போங்கள்.

அக்கா மகள் நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதில் கிரெப்ஸ் சுழற்சி இல்லை. "மாமா, தாத்தா ரிப்போர்ட் இன்னும் இருக்கா?" என்று கேட்டிருந்தாள்.