மாவு கலக்கும் பிஞ்சுக் கைகள்

விண்ணரசை விளக்க ஆண்டவர் இயேசு காட்டியது, மூன்று மரக்கால் மாவில் புளிப்புமாவைப் பிசைந்து வைத்த ஒரு பெண்ணை (மத் 13:33). ஒரு வீட்டுக்கு அது மிக அதிகம், பலருக்கும் பகிரலாம்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் ஆயக்குடி வீடுகளில் கேக் செய்யும்போது, "மாவைச் சிந்திடுவே, போய் டிவி பாரு" என்று பிள்ளைகளை விரட்டத் தோன்றும். விரட்ட வேண்டாம். மைதாவையும் சர்க்கரையையும் பிள்ளையே அளக்கட்டும், கணக்கு பழகும். பாதியில் மூடியைத் திறந்தால் கேக் அமுங்கிவிடும் என்று சொல்லுவோம், காத்திருக்கப் பழகும். அடுப்பை மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம்.

வெந்ததும் முதல் துண்டுகளை, பிற சமயத்தவரான பக்கத்து வீட்டாருக்கு அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புவோம். மறைக்கல்வி வகுப்பில் கேட்ட பகிர்வு அப்போது கைக்கு வரும். சிந்திய மாவை நொடியில் துடைத்துவிடலாம். நம்மோடு அடுப்படியில் நிற்க ஆசைப்படும் வயதோ திரும்பி வராது. ஆமென்.