தேட்டமும் உரிமையும்: மலையகத் தமிழ்க் குடும்பத்தில் வீட்டுடைமை பற்றிய ஒரு நோக்கு

மகாவலி கங்கைக் கரையில் அமைந்த நாவலப்பிட்டி, 1874ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை வந்தெய்திய பின்னர், சூழவுள்ள கோப்பித் தோட்டங்களுக்கும் அவற்றை அடுத்து வந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் சந்தை நகராக வளர்ந்தது. இந்நகரின் ஒரே வீதியில் அயலவராக வாழும் தம்பதியரின் ஆதன உறவுகளை வெவ்வேறு சட்டங்கள் ஆளக்கூடும். கண்டிச் சிங்களவருக்குக் கண்டிச் சட்டமும், முஸ்லிம்களுக்கு அவர்தம் சட்டமும், வடமாகாணத்தை நிலையான வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு அவர் எங்கு வாழினும் தேசவழமையும் உரியன. மலையகத் தமிழருக்கோ இவற்றுள் எதுவும் பொருந்தாது. அவர்களை ஆள்வது நாட்டின் பொதுச் சட்டமே. கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டிய வீடு அச்சட்டத்தின்படி யாருடையது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெடுங்காலமாக இவ்வினா மலையகத்தில் எழவேயில்லை. லயக் காம்பரா தோட்டத்தின் உடைமை; அதில் குடியிருத்தல் உழைப்போடு பிணைக்கப்பட்ட சலுகை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரானவர்களுக்குக் காணியுரிமை எட்டாக் கனியாயிற்று. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமை ஆக்கினவேயன்றி, தொழிலாளரைக் காணியுடையோர் ஆக்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. 2015ஆம் ஆண்டின் பின்னர் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்னும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் 2017இல் அறிவிக்கப்பட்டன. நகரை அடுத்துச் சிறு காணித்துண்டு வாங்கி வீடமைப்போரும் உளர். ஆகவே, உறுதியில் யார் பெயர் எழுதப்படும் என்பது இத்தலைமுறையிலேயே முதன்முதலாகப் பலருக்கு எழும் வினாவாகும்.

பெண்ணின் உழைப்பு இவ்வினாவிலிருந்து பிரிக்கமுடியாதது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984ஆம் ஆண்டிலேயே தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. கூலியில் எய்திய சமத்துவம் வீட்டுடைமையில் தானாகவே வந்துவிடும் என்று எண்ணுதல் இயல்பு. ஆயின் சட்டம் அவ்வாறு கூறவில்லை.

1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், உரோம-ஒல்லாந்துச் சட்டத்தில் இருந்த தம்பதியரின் பொது ஆதனம் என்னும் முறையை நீக்கிற்று. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், மனைவி தன் ஆதனத்தைக் கணவனின் சம்மதமின்றியே வாங்கவும் விற்கவும் உரிமை அளித்தது. இஃது ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விரண்டின் கூட்டு விளைவு யாதெனின், கணவனுடையது கணவனுக்கு, மனைவியுடையது மனைவிக்கு என்பதே. திருமணம் மட்டும் ஒருவர் ஆதனத்தில் மற்றவருக்குப் பங்கு எதனையும் தருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கணவனின் வருமானம் மாதாமாதம் காணிக் கடனுக்குச் செல்கிறது. மனைவியின் வருமானம் அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செல்கிறது. பின்னது இன்றேல் முன்னது நடவாது. எனினும் உறுதியில் கணவன் பெயர் மட்டும் இருப்பின், மனைவியின் கையொப்பமின்றியே அவ்வீட்டை அவன் விற்கலாம், ஈடு வைக்கலாம். இறுதி விருப்பாவணம் எழுதாது அவன் இறப்பின் பாதி அவளைச் சேரும். வேறொருவருக்கு எழுதி வைப்பின் அதுவும் இல்லை. "இது நம் இருவர் வீடு" என்ற வாய்மொழி பயன்படாது. ஏனெனில், அசையா ஆதனத்தின் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் எழுத்தில் நிகழவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. காணியின் விலையைத் தானே செலுத்தினேன் என்று மனைவி நிறுவின், 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் அவள் பரிகாரம் தேடலாம். ஆனால் அரிசி வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு வைத்திருப்பார் யார்?

இவ்விடத்துத் தேசவழமையை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அவ்வழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனத்தை வகுத்தது. மணவாழ்வின்போது ஈட்டியது தேடியதேட்டம். அதில் இருவருக்கும் பங்குண்டு என்பது அதன் மூலக் கருத்து. எனினும், மனைவி தன் அசையா ஆதனத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என அச்சட்டமே விதிக்கிறது. சுருங்கக்கூறின், பொதுச் சட்டம் பெண்ணுக்குச் சுதந்திரம் தந்து கூட்டுழைப்பை மறந்தது. தேசவழமை கூட்டுழைப்பை மதித்துச் சுதந்திரத்தைக் குறைத்தது. இரண்டின் நன்மையையும் ஒருங்கே தரவல்லது, இருவர் பெயரிலும் சமபங்காக எழுதப்படும் இணை உறுதியே ஆகும்.

இணையுடைமைக்கு எதிராகக் கூறப்படும் தடைகளும் கருதத்தக்கன. பிணக்கு நேரின் ஒருவர் 1977ஆம் ஆண்டுக் கூறிடல் சட்டத்தின் கீழ் வழக்கிடலாம். தம் பிரிபடாப் பங்கை விற்கவும் முயலலாம். ஆயினும் முழு வீட்டையும் ஒருவர் மட்டும் விற்க இயலாது என்பதே பெரும் காவல். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் நடத்திய ஆய்வில், காணியும் வீடும் அற்ற பெண்களுள் 49 வீதமானோர் கணவனின் உடல்வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். இரண்டும் உடையோருள் அவ்வாறானோர் 7 வீதமே. உடைமை பெண்ணின் உடலுக்கும் காப்பாகிறது என்பதை இஃது உணர்த்துகிறது.

அரசின் நடைமுறையும் மாறவேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், பெண்வழிச் சீதன வீடுகள் வழக்கிலிருந்த கிழக்குக் கரையிலும், குடும்பத் தலைவர் என்ற பெயரில் புதிய வீடுகள் பல ஆண்களுக்கே எழுதப்பட்டன. வழக்கத்தாற் பெண்ணிடம் இருந்ததை ஒரு படிவம் பறித்தது. ஆதனத்தைப் பெறுவதிலும் ஆள்வதிலும் கணவன் மனைவியருக்குச் சம உரிமை வேண்டும் எனக் கூறும் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. மலையகத்திலோ பெரும்பாலான உறுதிகள் இனித்தான் எழுதப்படவுள்ளன. எழுதியபின் திருத்துவது கடினம்; எழுதும்போதே இரு பெயர்களை இடுதற்கு வேண்டுவது மேலும் ஒரு வரியே.