கண்ணருகு வில்லைகள் எத்தனை வேண்டும்?

கோலசிலாங்கூர் மெலாவத்திக் குன்றில், 1907ஆம் ஆண்டு எழுந்த கலங்கரை விளக்கத்தோடு, பிறை பார்க்கும் நிலையமும் உண்டு. மேற்கே மலாக்கா நீரிணை. தொடுவானம் நன்கு தெரியும். மெல்லிய பிறையைத் தேடுவோர்க்குப் பெருக்கம் மிகுந்த வில்லை உதவாது. வானைப் பரந்து காட்டும் வில்லையே வேண்டும். தொலைநோக்கி வாங்கும் ஆர்வலர் பலர் இதனை மறந்து, பெட்டி நிறையக் கண்ணருகு வில்லைகளைச் சேர்த்துவிடுகின்றனர்.

தொலைநோக்கியின் குவியத் தூரத்தை வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும். 200 மி.மீ. விட்டமும் 1,200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள கருவியில், 30 மி.மீ. வில்லை 40 மடங்கு பெருக்கி முழுநிலவையும் ஒருங்கே காட்டும். 12 மி.மீ. வில்லை தரும் 100 மடங்கில் சனியின் வளையம் தெளியும். 6 மி.மீ. வில்லையின் 200 மடங்கோ காற்று அமைந்த இரவுக்கே உரியது. 12 இருக்கையில் 10 எதற்கு? பார்வைக்குப் பெரிய வேறுபாடு இராது.

வடசிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டங்களின் ஈரக்காற்றில் இன்னோர் இடரும் உண்டு. எடுக்கப்படாது பெட்டியில் கிடக்கும் வில்லையில் பூசணம் படர்ந்து, நாளடைவில் மேற்பூச்சையும் அரிக்கும். ஆதலின் அடிக்கடி கைக்கு வரும் மூன்றை வைத்துக்கொண்டு, ஏனையவற்றைத் தொலைநோக்கி உள்ள பள்ளிக்கு அளித்தல் நன்று. பனித்த வில்லையைத் துடைக்காது உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடிவைத்தல் வேண்டும்.