யார் காலம் நல்ல காலம்?

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சடக்கி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து சுண்டியதும் மேலே இழுத்துவிடுவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியெல்லாம் பைக்குள் போக வேண்டும். அள்ளியதில் பெரும்பங்கு அரசுக்கு, குளித்தவர்களுக்கு மூன்றில் ஒன்று. அந்தக் காலத்துச் சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்வதற்கென்றே 'கடல்கட்டி' என்று ஓர் ஆள் இருந்தார்.

முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்களில் சிப்பி அற்றுப்போன பிறகு சங்குகுளிதான் மிஞ்சியது. இப்போது கல்லுக்குப் பதில் படகில் கம்ப்ரஸர், வாயில் டியூப். நெடுநேரம் கீழே இருக்கலாம். சங்கும் கூடக் கிடைக்கும். ஆனால் சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கி, கைகால் விளங்காமல் போவது வரை கொண்டுபோய்விடும். கல்லில் இறங்கி முத்துக்குளித்த தாத்தாவை இந்த நோய் அவ்வளவாக அண்டவில்லை. அவர் மூச்சே அவரை அதிக நேரம் கீழே விட்டுவைக்கவில்லை!

இதை வைத்து 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விட வேண்டாம். அந்தத் தாத்தா வீட்டில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை தங்கின என்றும் கேட்க வேண்டும். 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-இல் அது 13.

இப்படிப்பட்ட மாற்றம் எதுவும் தானாக வந்துவிடவில்லை. காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இங்கிருக்கும் எட்டயபுரத்தில். ஞாயிற்றுக்கிழமை லீவுகூட, 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வ.உ.சி.யோடு நின்று வேலைநிறுத்தம் செய்து வாங்கியது.

தலைமுறைகளை வருமானத்தால் அளந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1940-இல் பிறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள்; 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவின் கணக்கு இது. நல்ல கணக்குதான், ஆனால் அதில் வருமானம் மட்டுமே வரும். ஆற்று மணல் வராது.

நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியில் நெல்லும் வாழையும் தாமிரபரணியை நம்பி நிற்கின்றன. மணல் அள்ளிய ஆறு பள்ளத்தில் ஓடும். வாய்க்கால் மேட்டில் நிற்கும். கரையோரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கும். ஒரு தலைமுறை கட்டிய வீட்டுக்கு அடுத்த தலைமுறை இப்படித்தான் வட்டி கட்டுகிறது. பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டுத் தாமே வாதாடினார். 2010-இல் மணல் அள்ளத் தடை கிடைத்தபோது அவர் எண்பது வயதைத் தாண்டியிருந்தார்.

தடை வந்தும் திருட்டு நிற்கவில்லை. மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.