எல்லையோரக் குடும்பங்களும் சமூகப்பணிக் கல்வியும்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

சமூகப்பணி, குடும்ப அறிவியல் ஆகிய இரு துறைகளும் குடும்பத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டவை. எனினும் பல்கலைக்கழகங்களில் இவை பெரும்பாலும் தனித்தனியே பயிற்றப்படுகின்றன. இப்பிரிவு களப்பணியில் எத்தகைய இடைவெளியை உண்டாக்குகிறது என்பதைத் திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இரு துறைகளின் வளர்ச்சி

இந்தியாவில் முறையான சமூகப்பணிக் கல்வி, 1936இல் பம்பாயில் நிறுவப்பட்ட சர் தொராப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புப் பள்ளியில் தொடங்கியது. மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி உருவானது. குடும்ப அறிவியலோ மனையியலின் கிளையாக வளர்ந்தது. 1948-49ஆம் ஆண்டுகளில் செயல்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், பெண்களுக்கு ஏற்ற படிப்புகளுள் ஒன்றாக மனையியலைக் குறிப்பிட்டது. அவ்வாணையத்தின் தலைவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் ஆவார். 1957இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தோன்றியது. சட்டம், உரிமை, நிறுவனம் ஆகியவை ஒரு துறையிலும், உணவு, குழந்தை வளர்ச்சி, இல்ல மேலாண்மை ஆகியவை மற்றதிலும் முதன்மை பெற்றன.

களமும் சிக்கலும்

சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம் முதலியோரின் எல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நிருவாகம் பிரிந்தபோதும் எல்லையின் இருபுறமும் கொள்வினை கொடுப்பினை தொடர்கிறது.

ஆந்திரத்தின் நகரியில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பேற்றுக்காகத் திருத்தணியிலுள்ள தாய்வீட்டுக்கு வரும் பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவளுடைய கருவுற்ற காலப் பதிவுகள் ஒரு மாநிலத்திலும் பேறு மற்றொரு மாநிலத்திலும் அமைகின்றன. அவள் உடல் மெலிந்திருப்பதும், குழந்தை பிறந்து பல மாதங்களாகியும் புகுந்தவீடு திரும்பாததும் குடும்ப அறிவியல் மாணவரின் கவனத்திற்கு முதலில் வரக்கூடும். அதன் பின்னணியில் வன்முறை இருப்பின், நகரிக்குச் சென்றுதான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற தேவையில்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாக வசிக்கும் இடத்திற்குரிய நடுவர் நீதிமன்றத்தையே அணுக வழி செய்கிறது. அதன் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். சத்துணவை மட்டும் கற்றவர் இவ்வழியை அறியார். சட்டத்தை மட்டும் கற்றவர், சொல்லப்படாத துயரத்தை அன்றாட வாழ்வின் குறிப்புகளிலிருந்து உணரத் தவறலாம்.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களின் விசைத்தறிக் குடும்பங்களிலும் இவ்விணைப்பு தேவைப்படுகிறது. வீடே தொழிற்கூடமாகும் இடத்தில், தார் சுற்றும் பெண்ணின் உழைப்பு தனிக் கூலியாகக் கணக்கில் வராமல் போவதுண்டு. இல்ல மேலாண்மைப் பாடத்தின் நேரக் கணக்கெடுப்பு முறை அவ்வுழைப்பை வெளிப்படுத்தும். அதனை ஊதிய உரிமையாக முன்வைக்கும் பயிற்சியைச் சமூகப்பணிக் கல்வி அளிக்கும்.

முடிவுரை

இரு துறை மாணவரும் ஒரே குடும்பத்தை இணைந்து சந்தித்து, ஒரே களப்பதிவேட்டில் எழுதும் முறை இவ்விடைவெளியைக் குறைக்கும். எல்லையோரக் களங்களுக்குச் செல்வோர்க்கு அடிப்படைத் தெலுங்குப் பேச்சுப் பயிற்சியும், இரு மாநில அலுவலகங்களின் அதிகார வரம்பு பற்றிய அறிவும் தேவை. குடும்பம் பற்றிய கல்வி பெண்களுக்கே உரியது என்னும் பழைய வகைப்பாட்டைக் கைவிட்டு, ஆண் மாணவரையும் அதில் சேர்ப்பது இம்மாற்றத்தின் முதற்படியாகும்.