வெள்ளம் வடியக் காத்திருக்கும் பூ

மலையாற்றில் ஒரு கணக்கு எல்லா உயிர்களையும் ஆட்டிவைக்கிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்; வேகம் மும்மடங்கானால், ஒன்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பள்ளத்தாக்குகளில், மழைக்கால வெள்ளம் அறைந்து பாயும் வெறும் பாறைமேல், பிடிமண்கூட இல்லாமல் அந்த விசையைத் தாங்கி ஒரு பூச்செடி வளர்கிறது!

பொடோஸ்டெமேசி அதன் குடும்பம். உலகில் சுமார் 300 இனங்கள். ஓர் இனத்தின் பெயர் இண்டோட்ரிஸ்டிகா திருநெல்வேலியானா. ஊர் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஜே.சி.வில்லிஸ் 1902இல் இலங்கை, இந்திய இனங்களைப் பற்றி விரிவாக எழுதினார். இந்தச் செடிகளைத் தெரியாதவர்கள் பாசி என்று கடந்துவிடுவார்கள்.

வேர் இருட்டில் கிடப்பது என்றுதானே படித்தோம்? இங்கே பல இனங்களில் வேர் தட்டையாக, பச்சையாகப் பாறைமேல் படர்ந்து, ஒளிச்சேர்க்கையும் செய்கிறது. டால்செல்லியா சைலானிகா இன்னும் ஒரு படி மேலே போய் வேரையே கைவிட்டுவிட்டது. அதன் தண்டே பாறையில் அப்பிக்கொள்கிறது. ஒட்டும் பசையில் பங்காளிகளும் உண்டு. நீலப்பச்சைப் பாசியும் பாக்டீரியாவும் பாறைமேல் உண்டாக்கும் கொழகொழப்பான உயிர்ப்படலத்தில்தான் செடியின் நுண்மயிர்கள் பற்றிக்கொள்கின்றன. ஆற்றில் நம்மை வழுக்கிவிடும் அதே கொழகொழப்பு!

மொட்டுகள் நீருக்கடியிலேயே தயாராகிவிடுகின்றன. மழை ஓய்ந்து நீர் இறங்கிப் பாறை தலைகாட்டியதும் பூ மலர்கிறது, காய் முற்றுகிறது, செடி காய்ந்து கருகுகிறது. விதையோ தூசு. பெரும்பாலான பூச்செடிகளில் மகரந்தத்தின் ஒரு விந்தணு கருவையும், இன்னொன்று அதற்கான உணவான முளைசூழ்தசையையும் உண்டாக்கும். தேங்காயில் நாம் தின்னும் பருப்பு அதுதான். இந்தக் குடும்பத்தில் அந்த இரண்டாவது வேலை நடப்பதேயில்லை. கட்டுச்சோறு இல்லாமல் பயணம் கிளம்புகிறது விதை. ஆனால் நனைந்த மாத்திரத்தில் அதன் மேல்தோல் பசையாகிப் பாறையைப் பிடித்துக்கொள்கிறது.

அதே பாறைகளில் கொசு போன்ற பிளெபரிசெரிடே பூச்சியின் புழுவும் மேய்கிறது. வயிற்றில் வரிசையாக ஆறு உறிஞ்சிகள். சிலவற்றை விடுவித்து, மற்றவற்றால் பிடித்தபடி நகரும். எனக்கு அதைவிட வியப்பு, அது பூச்சியாகும் விதம். மற்றப் பூச்சிகளில் பெரும்பாலானவை கூட்டிலிருந்து வந்தபின் சிறகு விரிந்து உலரக் காத்திருக்கும். வெள்ளத்தில் அதற்கெல்லாம் நேரமேது? இதற்குக் கூட்டுக்குள்ளேயே சிறகு முழு அளவுக்கு வளர்ந்து மடிந்திருக்கிறது. வெளியே வந்ததும் பறந்துவிடும். மடிப்புக் கோடுகள் மட்டும் சிறகில் மெல்லிய வலைபோலத் தங்கிவிடுகின்றன. இந்தக் குடும்பத்தை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது அவற்றை வைத்துத்தான்.