விரைவு வண்டியின் ஆயுள்

விரைவாக ஓடும் மோட்டார் சைக்கிள் விரைவிலேயே கெட்டுவிடும் என்பது நம் நண்பர்களிடையே வேரூன்றிய கருத்து. "அண்ணா, பழைய ஆர்15 ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா, இல்லை ஸ்பிளெண்டரே போதுமா?" என்று உதவித்தொகை கைக்கு வந்தவுடன் தம்பியர் கேட்பதுண்டு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. ஊரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மொழி பாதி விளங்கும் நகரில், வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் தள்ளிவர ஆள் தேடவேண்டும். ஆகவே இக்கேள்வியைச் சற்றுக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

யமஹா நிறுவனம் ஆர்15 வண்டியை இந்தியாவில் வெளியிட்டது 2008-ஆம் ஆண்டில். அதன் உருளையின் விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 58.7 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 8,500 சுற்றில்தான் அது தன் முழுத் திறனாகிய 17 குதிரைத்திறனைத் தருகிறது. அப்பொழுது வினாடிக்கு ஏறத்தாழ 141 சுற்றுகள். அதாவது, ஒரு வினாடிக்குள் பிஸ்டன் 283 தடவை நின்று திரும்புகிறது! அதன் சராசரி வேகம் வினாடிக்கு 16.6 மீட்டர். திரும்பும் இடத்தில் அதன் முடுக்கமோ புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். நூறு கிராம் எடையுள்ள பொருள் அங்கே இருநூறு கிலோகிராம் பாரமாய் இழுக்கும். பிஸ்டனைத் தாங்கும் தண்டும் பேரிங்குகளும் இதை ஒவ்வொரு சுற்றிலும் பொறுத்தாக வேண்டும்.

இவ்வளவு கடுமையானால் தேய்மானமும் கடுமையாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். அவ்வாறு இல்லை. நகரத் தெருவில் 5,000 சுற்றில் போகும்பொழுது அதே பிஸ்டனின் வேகம் 9.8 மீட்டர்தான், ஸ்பிளெண்டருக்கு அதே சுற்றில் 8.25 மீட்டர். வேறுபாடு பெரிதன்று. 8,500 சுற்றைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட பொறி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பாதி உழைப்பிலேயே கழிக்கிறது. இந்த மிச்சமே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். வீட்டிலிருந்து பால் வாங்கப் போகும் பயில்வானைப்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் பயில்வானுக்குத் தீனி வேறு. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்தைச் சேருகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பம். ஸ்பிளெண்டர் அதைக் காற்றில் விட்டுவிடும். ஆர்15-இல் குளிர்நீர் சுற்றி வந்து ரேடியேட்டரில் விடவேண்டும். அதன் உருளையும் வேறு வகை. பழைய வண்டிகளில் உள்ளதுபோல் வார்ப்பிரும்பு உறை கிடையாது. அலுமினியத்துடன் ஏறத்தாழ 20 விழுக்காடு சிலிக்கான் கலந்த உலோகமே பிஸ்டன் உராயும் சுவராக நிற்கிறது. சிலிக்கான் கடினமானது, ஆதலால் தேய்வு குறைவு. வெப்பமும் இரும்பைவிட இருமடங்குக்கு மேல் விரைவாய் வெளியேறும். நல்ல ஏற்பாடுதான். எனினும் எண்ணெய் வற்றியோ நீர் வற்றியோ ஒருமுறை சுவரில் கீறல் விழுந்துவிட்டால், இரும்பு உறையைப்போல் 'போரிங்' செய்து பெரிய பிஸ்டன் போட இயலாது. உருளை முழுவதையும் மாற்றவேண்டியதுதான்.

ஆர்எக்ஸ்100 பற்றி இங்கே ஒரு சொல். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன அந்த 98 கன சென்டிமீட்டர் இரு வீச்சு வண்டியை அழிவில்லாதது என்று இன்றும் புகழ்வர். உண்மையில் அது எளிதில் பழுது பார்க்கக்கூடிய வண்டி, அவ்வளவே. வால்வு இல்லை, குளிர்நீர் இல்லை. தேய்ந்தால் போரிங் செய்து மீண்டும் ஓட்டினர். கெடாமல் இருப்பதும், கெட்டால் எளிதில் எழுவதும் வெவ்வேறு குணங்கள். ஆர்15 முதல் வகை. ஆர்எக்ஸ்100 இரண்டாம் வகை.

எனவே பழைய விரைவு வண்டியை வாங்கச் செல்பவர் மீட்டரில் உள்ள கிலோமீட்டரைவிட அதன் நீர்மங்களையே நோக்கவேண்டும். விற்பவர் நாம் வருமுன் வண்டியை இயக்கி வைத்திருக்கிறாரா என்று முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை வெகுநேரம் நில்லாமல் வந்து, குளிர்நீரும் குறைந்திருந்தால் கேஸ்கட்டில் ஐயம் கொள்க. குளிர்நீர் துருநிறமாயிருந்தால், யாரோ விடுதிக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார் என்று பொருள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கினால் கோன் செட் போயிற்று. அதற்குச் செலவு பெரிதன்று, பேரத்துக்கு உதவும். சத்தமிடும் வேறு சைலன்சர் மாட்டிய வண்டியை நான் வாங்கமாட்டேன். அதை ஓட்டியவரின் சுபாவம் அதிலேயே தெரிகிறது.

எஞ்சின் கெட்டால் பணம் போகும். பிரேக் கெட்டால் உயிர் போகும். ஆயினும் பலரும் கவனியாதது இதுவே. ஆர்15-இல் இரு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். அதில் உள்ள நீர்மம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 என்னும் தரத்தில் புதிய நீர்மம் குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்கவேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அதற்குக் குறித்த எல்லை 155 பாகை மட்டுமே. மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் டிஸ்க் பழுக்கக் காய்ந்து, நீர்மம் கொதித்து, ஆவிக்குமிழ் உண்டாகும். நீர்மம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பிரேக் பிடி கைப்பிடிவரை வந்தும் வண்டி நில்லாது. முசோரிக்குக் கிளம்பும் நண்பர்கள் இதை நினைவிற் கொள்க. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈராண்டுக்கு ஒருமுறை அந்நீர்மத்தை மாற்றிவிடுவதே முறை. டயரும் அப்படியே: பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாய்த் தெரிந்தாலும் வெடிப்பு விட்ட பழைய ரப்பர் மழைத்தெருவில் பிடிக்காது.

கோடை விடுமுறைக்கு நாம் ஊருக்குப் போய்விட, இரண்டு மாதம் வெயிலில் நிற்கும் வண்டிக்குத்தான் தொல்லை அதிகம். பாட்டரி இறங்கும். 2023 முதல் விற்பனைக்கு வந்து இப்போது நாடெங்கும் பரவிவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் அது உகந்ததன்று. பாட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை நிழலில் நிறுத்திப் போவது நன்று. ரயிலில் பார்சலாய் ஊருக்கு அனுப்புவோர் டாங்கியை முழுதும் வடித்தே ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. திரும்ப நிரப்பும்பொழுது புதிய பெட்ரோலாகவே கிடைக்கிறது.

இன்னும் ஒன்று. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்கவேண்டும். 2008-இலும் 2009-இலும் வந்த முதல் ஆர்15-கள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. விலை மலிவாகச் சொன்னால் முதலில் பதிவுப் புத்தகத்தில் உள்ள தேதியைப் பாருங்கள்.